ஏற்காட்டில் ரென் இருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் இருந்துகொண்டு வாரக் கடைசியில் ஏற்காட்டுக்குப் பறவை பார்க்கப் போகிறவன் நான். கூட நாலைந்து பேர் வருவார்கள். சில நாள் பள்ளிப் பிள்ளைகள் இருபது பேர்கூடத் தொற்றிக்கொள்வார்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் யாராவது ஒருவர் ரென் பற்றிக் கேட்டுவிடுகிறார். ஆங்கிலக் கதைப் புத்தகங்களில் வரும் சின்னப் பழுப்புக் குருவி அது. வாலை நட்டுவைத்த குச்சி மாதிரி நிமிர்த்தி வைத்திருக்கும், உடம்புக்கு மீறிய சத்தம் போடும். ஒவ்வொரு தடவையும் நடந்துகொண்டே அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

ஏற்காட்டில் ரென் இருக்கிறதா?

இல்லை. ஏற்காட்டிலும் இல்லை, கொல்லிமலையிலும் இல்லை, ஊட்டிக் குளிரிலும் இல்லை. இந்தியாவில் ரென் குடும்பத்தைச் சேர்ந்தது ஒரே ஓர் இனம்தான். அதுவும் காஷ்மீரிலிருந்து அருணாசலப் பிரதேசம் வரை இமயமலையோடு நின்றுவிடுகிறது.

அப்படியானால் எங்கள் வேலியில் வாலைத் தூக்கிக்கொண்டு கத்துவது எது?

பெரும்பாலும் சாம்பல் கதிர்க்குருவி. முதுகு சாம்பல் நிறம், வயிற்றுப் பக்கம் வெளிறிய செம்பழுப்பு, கண் சிவப்பு. வால் நீளம், அதன் இறகு நுனிகளில் கறுப்பும் வெள்ளையும் தெரியும். கோரிமேட்டு வீட்டுத் தோட்டம், சோளக்கொல்லை, ஏரிக்கரைக் கோரை, ஏற்காட்டு ரோட்டோரத்து உண்ணிச்செடிப் புதர் என்று எங்கும் இருக்கும். புதருக்குள்ளிருந்து மூக்கால் பேசுவதுபோல் ‘டீ, டீ, டீ’ என்று விடாமல் கூப்பிடும். விரட்டினால் பறக்கும்போது ‘கிட் கிட் கிட்’ என்று மின்கம்பியில் பொறி தெறிப்பதுபோல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் வேறு அடையாளம் தேட வேண்டாம்.

இதை ரென் என்று நினைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் இரண்டு வருஷம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலப் பறவை நூல் ஒன்று கையில் இருந்தது. அதில் இந்தக் குருவிக்கு ‘ஆஷி ரென்-வார்ப்ளர்’ என்று பெயர் போட்டிருந்தது. பெயர் நீளமாக இருக்கிறதே என்று வார்ப்ளரை விட்டுவிட்டு, நோட்டில் ‘ரென் 2’, ‘ரென் 4’ என்று கணக்கு வைத்தேன். ஒரு நாள் ஏரிக்கரையில் அந்த நோட்டை வாங்கிப் பார்த்த பெரியவர் ஒருவர், “ஏன் தம்பி, இமயமலைய எப்போ சேலத்துக்குக் கொண்டாந்தீங்க?” என்று கேட்டார். காது சூடாகிவிட்டது.

ரென்-வார்ப்ளர் என்பது ஊர் நினைப்பில் வைத்த பெயர். இங்கிலாந்தில் வாலைத் தூக்கும் குட்டிக் குருவியைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே வந்து, வாலைத் தூக்கும் இன்னொரு குட்டிக் குருவியைக் கண்டதும் பழைய பெயரை முன்னால் ஒட்டிவிட்டார்கள். இப்போது ஆங்கிலத்தில் அந்த ஒட்டு போய், ஜாவா மொழியிலிருந்து வந்த ‘பிரினியா’ என்ற பெயரே நிலைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் கதிர்க்குருவி என்ற நம் பெயர் இவை இரண்டையும் விட மேல். எங்கே போய்த் தேட வேண்டும் என்று பெயரே சொல்லிவிடுகிறது.

தையல்சிட்டு?

அதுவும் ரென் இல்லை. முதுகு பச்சை, நெற்றியில் துரு நிறம். கதிர்க்குருவிக்குச் சொந்தக்காரப் பறவைதான், ஒரே குடும்பம். இலையைத் தைத்துக் கூடு கட்டியிருந்தால் தையல்சிட்டுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சாம்பல் கதிர்க்குருவியும் சில சமயம் இலையைத் தைக்கும். முட்டையில் வித்தியாசம் உண்டு. கதிர்க்குருவியின் முட்டை மெருகு போட்ட செங்கல் நிறம். அதற்காக இலையைப் பிரித்துப் பார்க்காதீர்கள், கூட்டை விட்டே ஓடிவிடும்.

ரென் என்றால் சரியாக எது?

ஒரு தனிக் குடும்பம். இனங்களின் எண்ணிக்கை தொண்ணூறை ஒட்டி வரும். அவ்வப்போது ஆராய்ச்சியாளர்கள் ஓர் இனத்தைப் பலவாகப் பிரிப்பதால் எண் மாறிக்கொண்டே இருக்கிறது. 2024-ல்கூட, கனடாவிலிருந்து தென் அமெரிக்காவின் நுனி வரை ஒரே இனமாகக் கணக்கிட்டுவந்த ‘ஹவுஸ் ரென்’னை வடக்கத்தியது, தெற்கத்தியது, கரீபியன் தீவுகளுக்கு ஒவ்வொன்று என்று பிரித்துவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எல்லா ரென்களும் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. குடும்பம் பிறந்து பெருகியதே அங்கேதான். அதிலிருந்து ஒரு கிளை மட்டும் வடக்கே போய், அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் நடுவில் உள்ள பெரிங் பகுதியைக் கடந்து ஆசியாவுக்குள் நுழைந்தது. அப்புறம் அது நிற்கவில்லை. ஜப்பான், இமயமலை, ஐரோப்பா, அயர்லாந்து வரை பரவிவிட்டது. இங்கிலாந்துக் கதைகளில் வருவதும் இமயமலையில் இருப்பதும் அந்த ஒற்றை இனம்தான். பத்து கிராம்கூடத் தேறாத உடம்பு. குடும்பத்தில் ஒருவன் மட்டும் வெளிநாடு போய், உலகம் முழுக்க அவனை வைத்தே அந்தக் குடும்பத்தைத் தெரிந்துகொண்ட கதை இது. மிச்சமுள்ள தொண்ணூறு பேரும் சொந்த ஊரில், பெரும்பாலும் வெப்பமண்டலக் காடுகளில் இருக்கிறார்கள். சுவாரசியமெல்லாம் அங்கேதான்.

அறிவியல் பெயரில் வரும் ‘ட்ரோக்ளோடைட்ஸ்’ என்பதற்குக் கிரேக்கத்தில் குகைவாசி என்று பொருள். சந்து பொந்துகளில் நுழைந்து பூச்சி தேடும் பழக்கத்துக்குப் பொருத்தமான பெயர்.

ஆஸ்திரேலியாவின் நீல நிற ரென் படம் பார்த்தேனே?

அது ஃபேரி ரென், வேறு குடும்பம். நியூசிலாந்து ரென்னும் வேறு குடும்பம். வடகிழக்கு இந்தியாவின் ரென்-பாப்ளர்களும் அப்படித்தான். எல்லாம் ரென் மாதிரி இருக்கிறதே என்று பார்த்து வைத்த பெயர்கள்.

வெப்பமண்டல ரென் ஒன்றைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் எதைச் சொல்வீர்கள்?

யோசிக்காமல் சொல்வேன், அமேசான் காட்டின் மியூசிஷியன் ரென். பெயரே இசைக்காரன். பிரேசிலில் அதை ‘உய்ராபுரு’ என்கிறார்கள். துப்பி மொழிகளிலிருந்து வந்த சொல். தமிழ்க் காதுக்கு ‘உயிர்’ என்று தொடங்குவதுபோல் கேட்கும், சம்பந்தம் எதுவும் கிடையாது. ஆனாலும் எனக்கு அந்தப் பெயரைச் சொல்லும்போது ஒரு சந்தோஷம்.

ஆள் சின்னது, பன்னிரண்டு பதின்மூன்று சென்டிமீட்டர்தான். நம் வீட்டுச் சிட்டுக்குருவியைவிடச் சற்றுக் குட்டை. முகம், தொண்டை, மார்பு எல்லாம் நல்ல செம்பழுப்பு; கண்ணைச் சுற்றி இறகில்லாத நீலத் தோல்; இறக்கையிலும் வாலிலும் கருங்கோடுகள். பிரேசில், பெரு, ஈக்வடார், கொலம்பியா, வெனிசுவேலா, கயானா என்று அமேசான் படுகை எங்கும் உண்டு. ஆனாலும் பார்ப்பது கஷ்டம். இருட்டான காட்டுத் தரையில், உதிர்ந்த இலைகளைப் புரட்டிக்கொண்டு ஜோடியாகவோ சிறு குடும்பமாகவோ திரியும். உயரமான கிளைக்கு வந்து காட்சி தருகிற வழக்கமெல்லாம் இல்லை. அந்தக் காட்டுக்குப் போகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு வருகிறார்கள், பார்த்துவிட்டு வருகிறவர்கள் குறைவு.

பாட்டு எப்படி? தெளிவான சீட்டிகள். ஒன்று மேலே, அடுத்தது சட்டென்று கீழே, பிறகு எதிர்பாராத இடத்தில் இன்னொன்று. நடுநடுவே தொண்டைக்குள் தண்ணீர் கொப்பளிப்பதுபோல ஒரு கரகரப்பு. குழாயடியில் நின்றுகொண்டு புல்லாங்குழல் பழகும் பையன் மாதிரி என்று என்னோடு வந்த பெண் ஒருத்தி சொன்னாள். அதைவிட நல்ல வர்ணனை என்னிடம் இல்லை.

உய்ராபுரு பாடத் தொடங்கினால் காட்டில் மற்ற பறவையெல்லாம் வாயை மூடிக்கொண்டு கேட்கும் என்பது பிரேசில் மக்களின் கதை. அந்தப் பெயரை வைத்து எயிட்டர் வில்லா-லோபோஸ் என்ற பிரேசில் இசையமைப்பாளர் 1917-ல் ஓர் இசைக்கோவையே எழுதியிருக்கிறார். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பிரேசிலில் வேறு சில குட்டிப் பறவைகளையும் உய்ராபுரு என்றே கூப்பிடுகிறார்கள். நம் ஊரில் வாலாட்டுகிறதெல்லாம் வாலாட்டி ஆவதுபோலத்தான். ஆகவே அந்தப் பெயரில் வரும் கதை ஒவ்வொன்றும் இந்த ரென்னைப் பற்றியதுதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நிஜமாகவே அதற்குச் சுரம் தெரியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் சேலத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித்தரும் ஓர் அம்மா. அதனால் பதிலையும் அவருக்குப் புரியும் கணக்கிலேயே சொல்கிறேன்.

தம்புராவை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு தந்தி: பஞ்சமம், நடுவில் ஒரே சட்ஜத்துக்குச் சேர்த்த சாரணி, அனுசாரணி இரண்டு, கடைசியில் கீழ்ச் சட்ஜமான மந்தரம். மந்தரத்திலிருந்து சாரணிக்கு அதிர்வு இரண்டு மடங்கு, அதாவது 2:1. மந்தரத்திலிருந்து பஞ்சமத்துக்கு 3:2. பஞ்சமத்திலிருந்து சாரணிக்கு 4:3. சட்ஜத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் உள்ள அதே தூரம். காது இயல்பாக ஒத்துக்கொள்ளும் மூன்று இடைவெளிகள் இவை. மேற்கத்திய இசையிலும் இவற்றுக்குத்தான் முதல் மரியாதை.

2012-ல் எமிலி டூலிட்டில் என்ற இசையமைப்பாளரும் ஹென்ரிக் ப்ரூம் என்ற பறவை ஆய்வாளரும் உய்ராபுருவின் ஒலிப்பதிவுகளை எடுத்து, ஒரு சீட்டிக்கும் அடுத்த சீட்டிக்கும் உள்ள தூரத்தை அளந்தார்கள். தற்செயலாக வரக்கூடியதைவிட அதிகமாக இந்த மூன்று இடைவெளிகளும் வந்தன. அதே மாதிரியான, ஆனால் சுரங்களைக் கொஞ்சம் மாற்றிய செயற்கைப் பாட்டுகளையும் பறவையின் பாட்டையும் மனிதர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, பறவையுடையதுதான் இசையாக இருக்கிறது என்று பெரும்பாலோர் சொன்னார்கள்.

சரி, அப்படியானால் பறவைக்கு ச-ப தெரியும் என்று சொல்லிவிடலாமா? அவசரப்படக் கூடாது. அதே 2012-ல் மார்செலோ அராயா-சாலஸ் என்ற ஆய்வாளர் இன்னொரு ரென்னை எடுத்தார். மத்திய அமெரிக்காவின் நைட்டிங்கேல் ரென். அதுவும் சீட்டியடிக்கும் பறவைதான்; கேட்டால் ஏதோ ஸ்வர வரிசை பழகுவதுபோல இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் இடைவெளிகள் மனித இசையின் எந்த அளவுக்கும் ஒத்துவரவில்லை. நம் காதுதான் பழக்கதோஷத்தில் சுருதி சேர்த்துக்கொள்கிறது என்பது அந்த ஆய்வின் சாரம்.

ஒரே குடும்பத்தில் அண்ணனுக்குச் சுருதி சேருகிறது, தம்பிக்குச் சேரவில்லை. என் அபிப்பிராயம் இதுதான்: உய்ராபுருவின் சீட்டிகள் அந்தத் தூரங்களில் விழுவது நிஜம், ஆனால் அதற்கு இசையறிவு என்று பெயர் வைப்பது நம் ஆசை. அந்த அம்மா இதை ஒத்துக்கொள்ளவில்லை. “எங்கிட்ட வர்ற பிள்ளைங்களுக்கும் இசையறிவு வந்தப்புறமா சுருதி சேருது? சேர்ந்தப்புறந்தாங்க அறிவே வருது” என்றார். அதற்கு என்னிடம் பதிலில்லை.

பாடுவது ஆண் மட்டும்தானே?

பாடப்புத்தகத்தில் அப்படித்தான் படித்தோம். அது குளிர்நாட்டுப் பறவைகளைப் பார்த்து எழுதிய பாடம். வெப்பமண்டல ரென்களில் பெண் பாடுவது சர்வசாதாரணம். பல இனங்களில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே பாடுகின்றன. வருஷம் முழுக்க ஒரே இடத்தில் ஒரே ஜோடியாக வாழ்வதால், எல்லையைக் காக்கும் வேலை இரண்டுக்கும் உண்டு.

இதில் உச்சம், ஈக்வடார் மலைகளின் ப்ளெய்ன்-டெய்ல்டு ரென். ஆண்டிஸ் மலைச்சரிவில் அடர்ந்த மூங்கில் புதருக்குள் இருக்கும். பெண் ஒரு துண்டு பாடும், ஆண் அடுத்த துண்டு, மறுபடி பெண், மறுபடி ஆண். இடைவெளி அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் கேட்பவருக்கு ஒரே பறவை பாடுவதாகத்தான் தோன்றும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைத்துக் குறைத்து வாசித்துக்கொண்டே வந்து, கடைசியில் யார் வாசிக்கிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகுமே, அந்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2011-ல் வெளியான ஆய்வு ஒன்றில் இந்தப் பறவைகளின் மூளையில் பாட்டுக்கான பகுதியை அளந்து பார்த்தார்கள். தன் பங்கை மட்டும் கேட்கும்போது வருவதைவிட, இரண்டு பங்கும் சேர்ந்த முழுப் பாட்டைக் கேட்கும்போதுதான் அங்குள்ள நரம்பணுக்கள் அதிகம் துடித்தன. பாடுவது பாதி என்றாலும் ஒவ்வொன்றின் மூளையிலும் இருப்பது முழுப் பாட்டு.

2014-ல் வந்த இன்னோர் ஆய்வு, தகவல் கிடைத்த பாடும் பறவை இனங்களில் 71 சதவீதத்தில் பெண்ணும் பாடுகிறது என்றும், முன்னோர்களிலேயே பெண் பாடியிருக்க வேண்டும் என்றும் காட்டியது. அதாவது பாடாத பெண் பறவைதான் பிற்பாடு வந்த விதிவிலக்கு.

இதைக் கேட்க ஈக்வடார் போக வேண்டாம். சேர்வராயன் மலையில் மரம் அடர்ந்த சரிவுகளில் வளைந்த மஞ்சள் அலகும் வெள்ளைப் புருவமும் உள்ள ஒரு சிலம்பன் உண்டு. ஒன்று ‘ஊப்-பு-பூ’ என்று கூப்பிட, இணை உடனே பதில் சேர்க்கும். ஒரே பறவை என்று நினைத்துக்கொண்டே பலர் கடந்துபோகிறார்கள். அடுத்த தடவை இரண்டு பேராகப் போய் ஆளுக்கொரு பக்கம் நின்று கேளுங்கள்.

என்ன சாப்பிடும்?

பூச்சி, சிலந்தி. ரென் அலகு இடுக்கில் விட்டு எடுப்பதற்குத் தோதாக மெலிந்து லேசாக வளைந்திருக்கும்.

உய்ராபுருவுக்கு இன்னொரு வழியும் உண்டு. அமேசானில் படையெறும்புகள் லட்சக்கணக்கில் திரண்டு காட்டுத் தரையில் போகும். அவற்றுக்குப் பயந்து கரப்பானும் வெட்டுக்கிளியும் சிலந்தியும் சிதறி ஓடும். எறும்பைத் தின்ன அல்ல, ஓடுவதைப் பிடிக்கப் பல பறவைகள் கூடவே போகும். அந்தக் கூட்டத்தில் உய்ராபுருவையும் சில நேரம் பார்க்கலாம். நம் பக்கம் ஏர் ஓட்டும்போது கொக்கு பின்னாலேயே வருகிறதே, அதே பிழைப்பு.

கூடு எப்படிக் கட்டும்?

ரென்களில் பெரும்பாலானவை கூரை போட்ட உருண்டைக் கூடு கட்டி, பக்கவாட்டில் வாசல் வைக்கும். ஹவுஸ் ரென் மாதிரி சில, பொந்து, சுவர் ஓட்டை, தபால் பெட்டி என்று கிடைத்த இடத்தில் குடியேறும்.

ஐரோப்பிய ரென்னில் ஆண் ஒரே பருவத்தில் பல கூடுகளை வெளிக்கட்டு மட்டும் கட்டிவிட்டுப் பெண்ணைக் கூட்டிவந்து காட்டும். அதற்குப் பிடித்ததை அது தேர்ந்தெடுத்து உள்ளே மெத்தை போடும். மிச்சமெல்லாம் வீண். நம் தூக்கணாங்குருவியும் கிணற்றின் மேல் தொங்கும் ஓலையில் பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுப் பெண்ணின் சம்மதத்துக்குக் காத்திருக்கிறது. சேலத்தைச் சுற்றிய கிராமங்களில் தூர்ந்த கிணற்றோரம் அரைகுறையாகத் தொங்கும் கூடுகளைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், கடைக்கால் போட்டு நின்றுபோன வீடுகள் ஞாபகம் வரும்.

வெப்பமண்டலத்தில் கூட்டுக்குப் பெரிய எதிரிகள் பாம்பும் குரங்கும். மத்திய அமெரிக்காவின் ரூஃபஸ்-நேப்டு ரென் அதற்கு ஓர் உபாயம் வைத்திருக்கிறது. கொம்பு மாதிரி முள்ளுள்ள ஒரு வேல மரத்தில் கூடு கட்டும். அந்த முட்களுக்குள் கடிக்கும் எறும்புகள் குடியிருக்கின்றன. மரத்தைத் தொட்டால் படையாக வரும். குளவிக்கூடு பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. கோஸ்டா ரிக்காவில் ஆராய்ச்சியாளர் ஒருவர் குளவிக்கூடுகளை எடுத்துவந்து சில ரென் கூடுகளுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். அந்தக் கூடுகளில் குஞ்சு பொரித்துத் தப்பியவை அதிகம். முசுறு ஏறிய மாமரத்தில் காய் பறிக்கப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருடனும் ஏற மாட்டான், தோட்டக்காரனும் ஏற மாட்டான்.

கொலம்பியாவிலும் காப்பித் தோட்டம்தானே, அங்கே ரென் உண்டா?

உண்டு, வீட்டு வாசலிலேயே உண்டு. கொலம்பியாவில் ரென்னுக்கு ஊர்ப்பெயர் ‘குக்கராச்சேரோ’, கரப்பான் பிடிப்பவன் என்று அர்த்தம். தெற்கத்திய ஹவுஸ் ரென் தோட்டத்து வீடுகளின் கூரை இடுக்கிலும் கொட்டகையிலும் தைரியமாக நுழைந்து, பெயருக்கேற்ற வேலையைச் செய்கிறது. அர்ஜென்டினாவில் அதையே ‘ரத்தோனா’ என்பார்கள். எலிபோலச் சுவரோரம் ஓடுவதால் வந்த பெயர். அறிவியல் பெயரிலும் ‘முஸ்குலஸ்’, அதாவது சுண்டெலி என்றே இருக்கிறது.

ஏற்காட்டுக்குக் காப்பி 1820-களில் வந்தது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தார். காப்பி நமக்கும் வெளியூர்தான், கொலம்பியாவுக்கும் வெளியூர்தான். அதன் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. ஒரே செடியின் நிழலில் இங்கே கதிர்க்குருவியும் தையல்சிட்டும், அங்கே கரப்பான் பிடிப்பவனும் பூச்சி பொறுக்குகின்றன.

உய்ராபுரு அழிந்துவருகிறதா?

உலக அளவில் அச்சமற்ற நிலை என்றுதான் வகைப்படுத்தியிருக்கிறார்கள், ஏனென்றால் அமேசான் அவ்வளவு பெரியது. ஆனால் காட்டை எப்படி வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து இது மாறும். பிரேசிலின் மனௌஸ் அருகே 1979 முதல் நடந்துவரும் ஓர் ஆய்வில், காட்டை மேய்ச்சல் நிலமாக்கும்போது நடுவே 1, 10, 100 ஹெக்டேர் துண்டுகளை விட்டுவைத்து, அவற்றில் என்ன மிஞ்சுகிறது என்று கணக்கெடுத்தார்கள். சிறிய துண்டுகளிலிருந்து முதலில் காணாமல் போனவற்றில் தரையோரத்து இருட்டில் பூச்சி தின்னும் பறவைகளும், படையெறும்பின் பின்னால் போகும் பறவைகளும் முன்வரிசையில் இருந்தன. இவற்றில் பல, வெயில் அடிக்கும் சின்னத் திறந்தவெளியைக்கூடக் கடக்கத் தயங்குபவை.

இதைச் சொல்லும்போதெல்லாம் ஏற்காட்டில் நிழல் மரத்தை எடுத்துவிட்டு ரிசார்ட்டுக்கு மட்டம் தட்டிய இடங்களை யாராவது கைகாட்டுவார்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அந்த இடங்களில் சின்னான் பாடும், மைனா பாடும், கதிர்க்குருவிகூட வேலிக்கு வரும். சிலம்பன் ஜோடி மட்டும் கேட்காது.

ரென் வாங்கி வளர்க்கலாமா?

வேண்டாம். நம் ஊர்க் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் கூண்டில் வைப்பதும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கதிர்க்குருவிக்கும் அது பொருந்தும். உய்ராபுருவோ, உயிருள்ள புழுவும் இருட்டும் ஈரமும் துணைக்கு ஜோடியும் இல்லாமல் பிழைக்காத பறவை.

பாட்டை எங்கே கேட்கலாம்?

ஸெனோ-கான்டோ என்ற இணையதளத்தில் இலவசமாகக் கேட்கலாம். 2005-ல் தொடங்கியது, உலகெங்குமிருந்து ஆட்கள் தங்கள் ஒலிப்பதிவுகளைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். தேடும்போது அறிவியல் பெயரை ஆங்கில எழுத்தில் போடுங்கள். உய்ராபுருவுக்கு ‘சைஃபோரைனஸ் அராடா’ (Cyphorhinus arada). இசைப் பயிற்சி உள்ளவர்கள் பக்கத்தில் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

செல்போன் செயலி ஏற்காட்டில் ‘ரென்’ என்று காட்டியதே?

இடம் மாறியிருக்கும். அப்படிக் காட்டியதாகச் சொன்னவரின் போனை வாங்கிப் பார்த்தேன். வெளிநாட்டில் மகள் வீட்டில் இருந்தபோது வைத்த அமைப்பு அப்படியே இருந்தது. இடத்தைச் சேலம் என்று மாற்றியதும் அதே ஒலிக்குக் கதிர்க்குருவி என்று காட்டியது.

ரென் பாட்டைப் போனில் ஓடவிட்டால் இங்குள்ள பறவைகள் என்ன செய்யும்?

ஒன்றும் செய்யாது, அவற்றுக்கு அது தெரியாத பாஷை. ஆனால் கதிர்க்குருவியின் பாட்டையோ அந்தச் சிலம்பனின் பாட்டையோ போட்டுக் கூப்பிடாதீர்கள். எல்லைக்குள் வேறு ஆள் வந்துவிட்டான் என்று நினைத்து, இரை தேடுவதையும் குஞ்சுக்கு ஊட்டுவதையும் விட்டுவிட்டு சண்டைக்கு வரும். முக்கியமாகக் கூடு கட்டும் மாதங்களில் போனைப் பையிலேயே வைத்திருங்கள். பத்து நிமிஷம் சும்மா நின்றால் அதுவாகவே வேலிக்கு மேலே வந்து வாலைத் தூக்கும்.